வராந்தாவில் இருந்த வனத்து அந்தோணியார்

அந்த வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சு. அதன் ஒரு முனையில் நான். மறு முனையில் மேரி. எங்களுக்கு நடுவே இன்னும் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். சுவரில் சாய்ந்து நின்றவர்கள்கூட அங்கே வந்து உட்காரவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்த பிறகு அவர்களுக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது.

இடது பக்கம் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு. உள்ளே அடுத்தடுத்த கட்டில்களில் என் வீட்டுக்காரரும் அவள் வீட்டுக்காரரும் கிடந்தார்கள். இருவருக்கும் தொண்டையில் குழாய். இருவருக்கும் மிஷின்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் நானும் அவளும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்போம். நர்ஸ் வேறு யாருடைய பெயரையாவது கூப்பிடுவார். உட்கார்ந்துவிடுவோம். ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டோம்.

அவளைப் பார்க்காமல் இருப்பதற்கு என் கண்ணுக்கு வேறு ஏதாவது வேண்டியிருந்தது. எதிர்ச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது.

நோட்டுப் புத்தகத்தைவிடக் கொஞ்சம் பெரிய, கறுப்பு வெள்ளைப் படம். முக்காடு போட்ட ஒரு கிழவர் தரையில் உட்கார்ந்து, ஒரு புத்தகத்தின் மேல் குனிந்திருந்தார். பக்கத்தில் சிலுவை வைத்த கோல் ஒன்று நட்டிருந்தது. அதில் ஒரு சின்ன மணி. அவருக்குப் பின்னால் கோட்டைச் சுவரும் கூர்க்கூரைகளுமாக அடுக்கடுக்காக மேலே ஏறிய ஒரு ஊர். அத்தனை பெரிய ஊருக்குள் என்ன நடந்தாலும் நிமிரப்போவதில்லை என்பதுபோல இருந்தது அவர் இருப்பு.

முதலில் அந்தக் கிழவரை எனக்குப் பிடிக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் என் மனுஷன் மூச்சுக்குத் தவிக்கிறார். இங்கே ஒருத்தர் இவ்வளவு நிம்மதியாகப் படித்துக்கொண்டிருக்கிறாரே என்று எரிச்சலாக இருந்தது.

தொட்டி

இந்தத் தொடரை இந்த வாரம்தான் பிரித்துப் பார்க்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பது என் வேலை. வீட்டுக்காரர் முருகேசன் ஒரு தோல் ஷாப்பில் இருந்தார். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் ஷாப் என்றுதான் சொல்வோம்.

கல்யாணமான புதிதில் அவர் சட்டையைத் துவைக்கவே எனக்குக் குமட்டும். சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த வாசனை. எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. பிறகு பழகிவிட்டது. பழகியது மட்டுமில்லை, அவர் ஒரு வாரம் ஊருக்குப் போனபோது அந்த வாசனை இல்லாமல் வீடு என்னவோ போல இருந்ததும் ஞாபகம் இருக்கிறது.

ஷாப்பில் கழிவுநீர் போய்ச் சேரும் தொட்டி ஒன்று உண்டு. ஆள் உயரத்தைவிட ஆழம். சேறு கட்டிப்போனால் அதிலிருந்து ஒரு வாயு கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமாகிவிட்டால் நாற்றமே தெரியாது. முதலில் மூக்கு மரத்துப்போகும், அடுத்து ஆளே சாய்ந்துவிடுவான். ஷாப்பில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். மனுஷனை அதற்குள் இறக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதும் தெரியும்.

அன்று காலை தொட்டியில் பம்பு அடைத்துக்கொண்டது.

எனக்குத் தகவல் வந்தது மிஷினில் இருக்கும்போது. பக்கத்து லைன் பெண் ஓடி வந்து தோளைப் பிடித்தாள். "கலா, உன் வூட்டுக்காரருக்கு கேஸ் அடிச்சிடுச்சாம். வேலூருக்குத் தூக்கிக்கினு போய்ட்டாங்களாம்."

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஷாப் மேனேஜர் நின்றிருந்தார். பாஸ்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னைப் பார்த்ததும் அருகில் வந்தார்.

"நான் ராணிப்பேட்டைல இருந்தேம்மா. சேதி கேட்டு அப்படியே ஓடியாந்தேன். யாரு சொல்லியும் கேக்காம அந்த அருளு எறங்கிட்டான். அவன் உள்ள உழுந்ததப் பாத்துட்டு உன் வூட்டுக்காரரு தூக்கப் போய்ட்டாரு. தங்கமான மனுஷன். நல்லது பண்ணப் போயி இப்டி ஆயிடுச்சு."

அருள், மேரியின் கணவர். அந்த பெஞ்சில் நான் ஏன் அவளிடமிருந்து அவ்வளவு தள்ளி உட்கார்ந்தேன் என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அவள் ஏன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. கோபப்பட வேண்டியவள் நான். அவளுக்கு என் மேல் என்ன கோபம்?

கோடுகள்

காத்திருக்கிறவர்களுக்குக் கண் எங்கேயாவது நின்றாக வேண்டும். என் கண் திரும்பத் திரும்ப அந்தப் படத்தில்தான் போய் நின்றது.

ஒரு நாள் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தேன். தூரத்தில் நிழலாகத் தெரிந்தது எல்லாம் கிட்டத்தில் கோடு. முடியைவிட மெல்லிய கோடுகள். நெருக்கிப் போட்ட இடம் இருட்டு, விட்டுப் போட்ட இடம் வெளிச்சம். கிழவரின் அங்கி மடிப்புகளில் கோடுகள் வளைந்து இறங்கின. மிஷினில் உட்கார்ந்தவளுக்கு அது தையல் மாதிரிதான் தெரிந்தது. வெள்ளைத் தோலில் கறுப்பு நூல் ஓட்டியது போல. ஒரு தையல் தப்பினாலும் முழுத் துண்டையும் தூக்கிப் போட்டுவிடும் வேலை எங்களுடையது. இதைச் செய்தவன் எங்கேயும் தப்பவில்லை.

பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனிக்காரர் ஒருவர் செம்புத் தகட்டில் உளியால் கீறி, கீறலில் மையை நிரப்பி, காகிதத்தில் அழுத்தி எடுத்த படம். இங்கே மாட்டியிருந்தது அதன் நகல். எந்தக் காலத்திலோ இங்கு வேலை பார்த்த வெளிநாட்டு டாக்டர் யாரோ விட்டுப்போனதாம். அப்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. கிழவர் யார் என்பதே தெரியாது.

இன்னொன்றையும் அப்போது கவனித்தேன். குனிந்து உட்கார்ந்திருந்த கிழவரின் வடிவமும் பின்னால் ஏறிய ஊரின் வடிவமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. ஊரைவிட்டு வந்தவரை ஊர் விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பெஞ்சுக்குத் திரும்பும்போது மேரியின் கால்களைப் பார்த்தேன். செருப்பில்லாமல் இருந்தாள். செய்தி கேட்டதும் அப்படியே கிளம்பி வந்திருக்க வேண்டும். அன்று மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அதுவரைக்கும் அது என் கண்ணில் படவில்லை.

அருளை எனக்கு நன்றாகவே தெரியும். என் வீட்டுக்காரர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஈரத்தோலைத் தூக்கத் தெரியாமல் முதுகு பிடித்துக்கொண்டு கிடந்தாராம். எப்படி மடித்துத் தோளில் போடுவது என்று அருள்தான் காட்டிக் கொடுத்தார். அதிலிருந்து வீட்டில் எதற்கெடுத்தாலும் "என் தோஸ்த் சொன்னான்" என்பார். பொங்கலுக்கு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் போவோம். ஆனால் அந்த நாட்களில் அருள் என்ற பெயரை நினைத்தாலே பல்லைக் கடிப்பேன்.

பன்றிக்குட்டியைக் காணோம்

ஒரு மத்தியானம் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். சிறுநீரகமும் சரியாக வேலை செய்யவில்லை, இனி எப்படிப் போகும் என்று சொல்ல முடியாது என்றார். தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். கால் பெஞ்சுக்குப் போகவில்லை. நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றது. கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மாரியம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவள், பெயர்கூடத் தெரியாத ஒரு கிழவரிடம் காப்பாத்துப்பா என்று வாய்விட்டுக் கேட்டேன்.

"அவரு யாருன்னு தெரியுமாக்கா?"

மேரியின் குரல். திரும்பிப் பார்த்தேன்.

"தெரியாது. சாமியாரு மாதிரி இருந்தாரு."

"எங்க வனத்து அந்தோணியாருக்கா. எனக்கே இப்பத்தான் புடிபட்டுச்சு, அந்த மணியப் பாத்து. எங்க கோயில்ல அவரு காலாண்ட பன்னிக்குட்டி ஒண்ணு நிக்கும். இதுல அதக் காணோம். அதான் தெரியல."

நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படி உட்கார்ந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அவள் படத்தைப் பார்த்தபடியே சொன்னாள். பொங்கல் சமயத்தில் அவர்கள் ஊரில் அவருக்குத் திருவிழாவாம். மாடு கன்றுகளை ஓட்டி வந்து மந்திரித்துக்கொண்டு போவார்களாம். சொத்தையெல்லாம் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போனவராம்.

"ஒரு கல்லறைக்குள்ள ஒண்டியாக் குந்தினு இருந்தாராம். பேயிங்க வந்து அடிச்சே போட்டுடுச்சாம். செத்துட்டாருன்னு ஊர்க்காரங்க தூக்கியாந்து கோயில்ல போட்டாங்களாம். கண்ணு முழிச்சவரு, என்னத் திரும்ப அங்கியே கொண்டுபோய் உடுங்கன்னாராம்."

"மூஞ்சில அடி வாங்கினது தெரியவே இல்லியே."

"அதெல்லாம் முடிஞ்சப்புறம் போட்ட படமோ இன்னாவோ."

பிறகு அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. உங்க வூட்டுக்காரரு ஏங்க்கா எறங்கினாரு?"

"இன்னாது?"

"அவரு மொதல்ல எறங்கினதாலதான எங்க வூட்டுக்காரரு தூக்கப் போனாரு. பாஸ்கர் சார் சொன்னாரே."

மேனேஜர் எனக்குச் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். அவள் வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள். ஒரே ஆள், ஒரே வாசலில் நின்று, இரண்டு பெண்களுக்கு இரண்டு கதை சொல்லியிருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் அதை அப்படியே நம்பி, ஒரே பெஞ்சில் ஒருவர் மேல் ஒருவர் வன்மத்தை வளர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்

அன்று சாயங்காலமே பாஸ்கர் வந்தார். கையில் ஒரு பை ஆரஞ்சு. யார் சாப்பிடுவதற்கு என்று தெரியவில்லை. அவர் வருவதைப் பார்த்ததும் மேரி எழுந்து தன் பழைய முனைக்குப் போய்விட்டாள். அவர் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஆபீசருங்க வருவாங்க. போலீசும் வரும். பேஜார் ஒண்ணும் இல்ல. யாரும் சொல்லாம அவங்களாதான் எறங்கினாங்க, அவ்வளவுதான். அது போதும்."

நான் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அழுகை வரும், இல்லை கெட்ட வார்த்தை வரும். இரண்டும் வேண்டாம் என்று எதிர்ச்சுவரைப் பார்த்தேன். குனிந்த அந்தத் தலையையே பார்த்தேன். மேரியும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, காதுல உழுதா?"

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். காலை மாற்றிப் போட்டார். ஒருவர் பேசாமல் இருந்தால் எதிராளி இவ்வளவு தவித்துப்போவார் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

"நான் மட்டும் இன்னா பண்ணுவேன் சொல்லுங்க. ஆர்டர் நிக்குது, பம்பு ஓடல. மொதலாளி போன் மேல போன். நானும் மனுஷன்தான். எவ்ளோ கத்தினேன் தெரியுமா, கயித்தப் புடிடா, கயித்தப் புடிடான்னு..."

பாதியில் நிறுத்தினார்.

மேரி மெதுவாகத் திரும்பினாள். "நீங்க ராணிப்பேட்டைல இருந்தேன்னு சொன்னீங்களே சார்?"

அவர் முகம் வெளுத்துப்போனது. எழுந்தார். உட்கார்ந்திருந்தபோது இருந்த குரல் நின்றபோது இல்லை.

"யோசிச்சுப் பேசுங்க. உள்ள இருக்கறவங்க உசுரோட வெளிய வரணும் இல்ல? மெட்ராசுக்குக் கொண்டுபோவணும்னா யாரு வந்து நிப்பா? நான்தான் வரணும். அத மனசுல வெச்சுக்குங்க."

ஆரஞ்சுப் பையை பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போனார்.

பதில் சொல்லாத கேள்வி

மறுநாள் விடிந்ததும் கதவு திறந்தது. இருவரும் எழுந்தோம். நர்ஸ் மேரியின் பெயரைக் கூப்பிட்டார்.

உள்ளே போனவள் அலறவில்லை. நான் அலறல் வரும் வரும் என்று காத்திருந்தேன். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அக்காவும் ஊர்க்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். உடலை ஊருக்குக் கொண்டுபோக வண்டி ஏற்பாடானது. கிளம்பும்போது என்னிடம் வந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, நான் போறேன். அவங்க வந்து கேட்டா, சொல்லுவீங்க இல்ல?"

அவள் புருஷன் போய்விட்டார், என் புருஷன் இன்னும் மிஷினில் இருக்கிறார். பாஸ்கர் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் கையை விட்டுவிட்டுப் போனாள்.

பெஞ்சு முழுவதும் காலியாக இருந்தது. எந்த முனையில் உட்காருவது என்றுகூடத் தெரியாமல் நின்றேன்.

ஆபீசர்கள் பத்து மணி வாக்கில் வந்தார்கள். ஆபீசர் அம்மா ஒருவர், போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர். வராந்தாவின் கோடியில் பாஸ்கர் வந்து நின்றார். பக்கத்தில் வரவில்லை, ஆனால் நான் பார்க்கிற இடத்தில் நின்றார்.

"உங்க வீட்டுக்காரர் ஏன் தொட்டிக்குள்ள இறங்கினார்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று அந்த அம்மா கேட்டார்.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். நாக்கு நுனியில் அதுதான் நின்றது. எதிர்ச்சுவரைப் பார்த்தேன். கிழவர் நிமிரவில்லை. அவர் எனக்கு ஒன்றும் சொல்லப்போவதில்லை. அது தெளிவானதும் எனக்கு ஒரு தைரியம் வந்தது. சொல்ல வேண்டியது நான்தான், வேறு யாரும் இல்லை.

"யாரு மொதல்ல எறங்கினாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா மேனேஜர் மேலயே நின்னுக்கினு இருந்தாரு. கயித்தப் புடின்னு கத்தினேன்னு அவர் வாயாலயே சொன்னாரு. எங்ககிட்ட ராணிப்பேட்டைல இருந்தேன்னாரு. அருளு வூட்டம்மாவுக்கு ஒரு கதை, எனக்கு ஒரு கதை சொன்னாரு."

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது வராந்தாக் கோடியில் பாஸ்கர் இல்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கொடுமை. ஒவ்வொரு முறை டாக்டர் வரும்போதும், நான் பேசியதால் இவரை வெளியே அனுப்பப் போகிறார்களோ என்று பதறுவேன். அந்த ஆஸ்பத்திரியில் யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. மெட்ராசுக்குப் போக வேண்டியும் வரவில்லை. ஒரு காலையில் குழாயை எடுத்துவிட்டார்கள். உள்ளே போனேன். அவர் கண் என்னைத் தாண்டிப் பக்கத்துக் கட்டிலுக்குப் போனது. அங்கே வேறு ஒரு பெரியவர் படுத்திருந்தார்.

அவர் முகத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு அழுதார்.

மேரி வீட்டில்

ஷாப்பை மூடி சீல் வைத்தார்கள். பாஸ்கரைப் பிடித்துப்போய் பிறகு ஜாமீனில் விட்டார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. முருகேசன் வீட்டுக்கு வந்துவிட்டார். மாடி ஏறினால் மூச்சு வாங்கும், குரல் கரகரத்துவிட்டது.

தெருவில் அவருக்கு ஏகப்பட்ட பெயர். தோஸ்துக்காக உயிரைக் கொடுக்கப் போனவர் என்று வருகிறவர்கள் எல்லாம் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பேப்பரிலும் அப்படித்தான் வந்திருந்தது. அவர் எதுவும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"கலா, மொதல்ல எறங்கினது நான்தான்."

மேனேஜர் சொன்ன இரண்டு கதைகளில், மேரிக்குச் சொன்னது நிஜமாகவே நடந்தது. எனக்குச் சொன்னதுதான் பொய்.

தெரு, பேப்பர், எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். மேரியை நினைத்துத்தான் பயமாக இருந்தது. பெஞ்சில் அவள் என் மேல் வைத்திருந்த கோபத்தை நான் பார்த்தவள். "நான் மட்டும் போய் மெதுவாச் சொல்லிட்டு வர்றேன்" என்றேன்.

"இல்ல. நானே சொல்லணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். மேரி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அடுத்த அறையில் அவள் மகள் ஸ்டெல்லா பாடம் படிக்கும் சத்தம் கேட்டது. முருகேசன் நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். நான் நிலைப்படியிலேயே நின்றேன்.

"தங்கச்சி, நான்தான் மொதல்ல எறங்கினேன். பாஸ்கர் எறங்குடா, ரெண்டு நிமிஷ வேலதான்னான். எறங்கிட்டேன். பம்பத் தொட்டதும் முட்டி மடங்கிப்போச்சு. அப்புறம் பாத்தா அருளு பக்கத்துல நிக்கிறான்."

மேரி அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அவர யாராச்சும் எறங்கச் சொன்னாங்களாண்ணா?"

"யாரும் சொல்லல. வேணாண்டா, கயிறு போடறேன்டான்னு பாஸ்கர் கத்திக்கினே இருந்தான். இவன் காதுலயே வாங்கல. குனிஞ்சு என் காலத் தன் தோள்மேல வெச்சுக்கினு எழுந்தான். என் கை விளிம்புல பட்டுச்சு, மேல யாரோ புடிச்சு இழுத்தாங்க. கீழ பாத்தேன். அவன் நிக்கல. அப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது."

இருமல் வந்து பேச்சு நின்றது. நான் மேரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நிமிஷமும் எங்களை வெளியே போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"கெணத்த எட்டிப் பாக்கறதுக்கே பயப்படுவாருண்ணா அவரு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் வராத அழுகை அப்போது வந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என்னைத் தள்ளவில்லை. வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

"ஸ்டெல்லா, பொஸ்தகத்த வெச்சுட்டு இங்க வா. வந்து குந்து."

மகள் வந்து அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். மேரி ஒரு சொம்புத் தண்ணீரை முருகேசன் பக்கம் நகர்த்தினாள்.

"தண்ணி குடிங்கண்ணா. குடிச்சுட்டு மொதல்லேர்ந்து சொல்லுங்க. இவ கேக்கணும்."

அவர் குடித்துவிட்டு, அந்தக் கரகரத்த குரலில் மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை அருளின் பெயரிலிருந்து.